இரட்டைக் குதிரைச் சவாரி எத்தனை நாள்?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குள் பல ஆண்டுகளாக ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. லினக்ஸ் கணினியில் அதை உருவாக்க ஆட்டோகான்ஃப், மேக் என்ற இரண்டு பழைய கருவிகள். விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோ கொண்டு உருவாக்க, திட்டத்தில் இருந்தவர்களே பெர்ல் மொழியில் எழுதிக்கொண்ட தனி நிரல்கள். அந்தப் பெர்ல் நிரல்கள் லினக்ஸுக்காக எழுதப்பட்ட மேக் கோப்புகளைத் திறந்து, வரி வரியாகத் துழாவி, எதையெல்லாம் கம்பைல் செய்ய வேண்டும் என்று கண்டுபிடிக்கும். லினக்ஸில் வேலை செய்யும் ஒருவர் மேக் கோப்பில் ஒரு வரியைக் கொஞ்சம் வேறு தினுசில் எழுதிவிட்டால் போதும். அவர் கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். விண்டோஸில் பில்டு உடைந்து கிடக்கும்.

2008-இல் வெளியான 8.3 பதிப்பிலிருந்து இப்படித்தான் வண்டி ஓடியது. ஓடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021 அக்டோபரில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், இரண்டையும் விட்டுவிட்டு மீசான் என்ற புதிய கருவிக்கு மாறலாம் என்று முன்மொழிந்தார். சிமேக் என்ற வேறொரு கருவிக்கு மாற்றும் முயற்சி அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நடந்து, ஏற்கப்படாமல் போயிருந்தது. இந்த முறையும் அதே பழைய கேள்வி எழுந்தது: ஓடிக்கொண்டிருப்பதை எதற்காகத் தொட வேண்டும்?

வயதான எந்த மென்பொருள் திட்டமும் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறது. கருவிகளின் வேகத்தை ஒப்பிடும் பட்டியலைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்றுதான் முதலில் தோன்றும். மாறிய திட்டங்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது.

ஒரு வார இறுதியில் பிறந்த கருவி

நிரலாளர் எழுதுவது மனிதர் படிக்கக்கூடிய உரை. கம்பைலர் அந்த மூலக் கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. லிங்கர் என்ற இன்னொரு நிரல் அந்தத் துண்டுகளைச் சேர்த்து, இயங்கக்கூடிய ஒரே கோப்பாக்குகிறது. பத்துக் கோப்புகள் என்றால் இதைக் கையாலேயே செய்துவிடலாம். பத்தாயிரம் கோப்புகளில் ஒன்றை மட்டும் திருத்தியிருக்கும்போது, எவற்றை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், எவற்றை விட்டுவிடலாம், எது முடிந்தபின் எது, எவையெல்லாம் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று கணக்குப் போட ஓர் ஆள் தேவை. அந்த ஆள்தான் பில்டு கருவி.

இந்த வேலைக்கென்று வந்த கருவிகளில் பெயர்பெற்ற முதல் கருவி மேக். 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதினார். உடன் பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன், ஒரு நிரலில் இல்லாத பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதையே தொலைத்துவிட்டு வந்து புலம்பியிருக்கிறார். பிழையை ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான் மறந்துபோயிருக்கிறது. ஃபெல்ட்மனுக்கும் அந்த அனுபவம் உண்டு. ஒரு வார இறுதியில் உட்கார்ந்து மேக்கின் முதல் வடிவத்தை எழுதிவிட்டார்.

அந்த முதல் வடிவத்தில் ஒரு முள்ளும் சேர்ந்து வந்தது. மேக் கோப்பில் கட்டளை வரி டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும், வெற்று இடைவெளிகளை அது ஏற்காது. இது தொல்லை என்று ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே புரிந்தது. ஆனால் அதற்குள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய கோப்புகளைக் குலைக்க மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டார். ஒரு டஜன் பேருக்காக விட்டுவைத்த டேப், அரை நூற்றாண்டாகப் புதியவர்களின் காலை இடறிக்கொண்டிருக்கிறது. மேக் உருவாக்கத்துக்காக ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது ஃபெல்ட்மனுக்கு 2003-இல் கிடைத்தது.

மேக்கின் மூளை எளிமையானது. மூலக் கோப்பைக் கடைசியாகத் திருத்திய நேரத்தையும், அதிலிருந்து பிறந்த கோப்பின் நேரத்தையும் ஒப்பிடும். மூலம் புதியது என்றால் மறுபடி கம்பைல் செய்யும். இதில் ஓட்டைகள் உண்டு. கம்பைலருக்குக் கொடுக்கும் கட்டளையை மட்டும் மாற்றினால் கோப்பின் நேரம் மாறாது. மேக்குக்கு எதுவும் தெரியாது. பிணையத்தில் உள்ள இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டாலும் கணக்கு தவறும். பெரிய திட்டங்களில் ஒவ்வொரு அடைவுக்கும் ஒரு மேக் கோப்பு வைத்து, ஒன்று மற்றொன்றை அழைக்கும்படி எழுதுவார்கள். அப்போது எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்ற முழு வரைபடத்தையும் பார்க்கக்கூடியவர் யாருமே இல்லாமல் போகிறார். இந்தப் பழக்கத்தின் கேடுகளை பீட்டர் மில்லர் 1998-இல் ஒரு கட்டுரையில் விரிவாக எடுத்துக்காட்டினார். சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து பில்டு செய்வது என்ற வழக்கம் இப்படித்தான் நிலைத்தது.

அதன்பின் பிறந்த கருவிகள் இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தன. நிஞ்ஜா, கட்டளை மாறினாலும் கண்டுகொள்ளும். கூகுள் 2015-இல் திறந்த மூலமாக வெளியிட்ட பேஸல், நேரத்தை நம்பாமல் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு கைரேகையை நம்புகிறது. ஒருவர் கணினியில் கம்பைல் ஆன துண்டை, அதே கைரேகை உள்ள இன்னொருவர் மறுபடி கம்பைல் செய்யாமல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் பார்த்தால் புதிய கருவிகளின் பக்கமே நியாயம் முழுவதும் இருக்கிறது.

நேரம் எங்கே போகிறது?

மாற வேண்டும் என்பவர்கள் முதலில் சொல்லும் காரணம் வேகம். இங்கே 1967-இல் ஜீன் ஆம்டால் முன்வைத்த வாதம் ஒன்று கைகொடுக்கும்: ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் விரைவாக்கினால், மொத்த லாபம் அந்தப் பகுதியின் பங்கைத் தாண்டாது. பத்து நிமிடம் ஓடும் பில்டில் ஒன்பது நிமிடம் கம்பைலரும் லிங்கரும் உழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பில்டு கருவியின் வேலை நொடியும் எடுக்காமல் முடிந்தால்கூட மிச்சமாவது ஒரு நிமிடம்தான். அந்த நிலையில், ஏற்கெனவே கம்பைல் ஆனவற்றைச் சேமித்து வைக்கும் சிசிகேஷ் போன்ற துணைக் கருவியோ, வேகமான லிங்கரோ, ஒரே பிற்பகலில் அதைவிடப் பெரிய பலனைத் தந்துவிடக்கூடும்.

கணக்கு தலைகீழாகும் இடமும் உண்டு. கூகுளின் குரோமியம் உலாவித் திட்டத்தில் 30,000-க்கும் மேற்பட்ட மூலக் கோப்புகள் இருந்தன. ஒரே ஒரு கோப்பைத் திருத்திவிட்டு பில்டைத் தட்டினால், என்ன செய்வது என்று யோசித்து முடிக்கவே மேக்குக்குப் பத்து விநாடி பிடித்தது. கம்பைலர் அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்கும். ஒரு நாளில் நூறு முறை இப்படிக் காத்திருப்பவருக்கு அந்தப் பத்து விநாடிதான் பெரிய செலவு. அங்கே பணியாற்றிய இவான் மார்ட்டின் எழுதிய நிஞ்ஜா, அந்த யோசனையை ஒரு விநாடிக்குள் முடித்தது. பலவற்றைச் செய்ய மறுத்ததால் கிடைத்த வேகம் அது. நிஞ்ஜாவின் கோப்பை மனிதர் கையால் எழுதுவதில்லை. சிமேக், மீசான் போன்றவை எழுதித் தருகின்றன.

ஜாவா உலகில் ஸ்பிரிங் பூட் குழுவுக்கும் இதே வகைக் காரணம் இருந்தது. மேவன் என்ற பில்டு கருவியில் முழு பில்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. 2020-இல் வந்த 2.3 பதிப்போடு கிரேடில் என்ற இன்னொரு கருவிக்கு மாறினார்கள். சராசரி நேரம் பத்து நிமிடத்துக்குள் இறங்கியது. கம்பைலரின் வேகம் அப்படியேதான் இருந்தது. மாற்றம் படாத பகுதிகளையும் அவற்றின் சோதனைகளையும் மறுபடி ஓட்டாமல் விட்டுவிட கிரேடிலுக்குத் தெரிந்திருந்தது. நேரம் மிச்சமானது அங்கேதான். தங்கள் நேரம் எங்கே வீணாகிறது என்று அந்தக் குழு அளந்து வைத்திருந்ததால், மாற்றம் பலித்ததா என்பதையும் அளக்க முடிந்தது.

சிலருக்குத் தேர்வே இருப்பதில்லை. அறிவியல் கணிப்புக்கான சைபை நூலகம் சி, சி++, ஃபோர்ட்ரான், சைத்தான் என்று பல மொழிகளின் கலவை. பைத்தானோடு இணைந்து வந்த டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பகுதியின் மேல் கட்டிய ஏற்பாட்டால்தான் அது காலங்காலமாக உருவாகி வந்தது. அந்தப் பகுதி கைவிடப்படுகிறது என்று பைத்தான் குழு அறிவித்தது. 2023 அக்டோபரில் வந்த 3.12 பதிப்பில் அது அடியோடு நீக்கப்பட்டது. நாள் குறித்தாகிவிட்டதால், மாறுவதா என்ற விவாதம் எதற்கு மாறுவது என்ற விவாதமானது. 2022 ஜூலையில் வந்த 1.9 பதிப்பிலேயே சைபை மீசானுக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு நம்பை நூலகமும் பின்தொடர்ந்தது.

மேக் கோப்பில் புதைந்திருப்பவை

புதிய கருவியின் மொழியில் பில்டு விவரத்தை எழுதுவது கடினமான பகுதி அல்ல. ஒரு வார உழைப்பில் எண்பது விழுக்காடு ஓடத் தொடங்கிவிடும். எல்லாருக்கும் உற்சாகம் பொங்கும். மீதி இருபதில்தான் திட்டத்தின் வயது தெரியும்.

பழைய மேக் கோப்பில் யாரோ எப்போதோ சேர்த்த ஒரு விசித்திரமான வரி இருக்கும். எதற்கென்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். எடுத்துவிட்டால் எவருடைய கணினியிலும் எதுவும் உடையாது. ஆறு மாதம் கழித்து, அதிகம் புழங்காத ஒரு செயலியில், ஒரு குறிப்பிட்ட கம்பைலர் பதிப்பில், மிதவைப் புள்ளிக் கணக்கு ஒன்று தவறான விடை தரும்போதுதான் அந்த வரியின் அருமை தெரியும். திட்டத்துக்கு வெளியிலும் ஆட்கள் இருக்கிறார்கள். டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகளைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொரு திட்டத்தின் பில்டு முறையையும் நம்பித் தங்கள் விதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களின் உள் வெளியீட்டு நிரல்களும் அப்படியே. இவர்கள் திட்டத்தின் கூட்டங்களுக்கு வருவதில்லை. பில்டு உடைந்தால் மட்டுமே குரல் கேட்கும்.

அதனால் நிதானமான குழுக்கள் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, வெளிவரும் கோப்புகளை ஒப்பிடுகின்றன. அதே பெயர்கள், அதே இடங்கள், அதே கம்பைலர் கட்டளைகள், அதே சோதனை முடிவுகள். இந்த ஒப்பீட்டைத் தவிர்க்க முடியாது. ஆபத்தும் இதற்குள்ளேயே இருக்கிறது. இரட்டைக் குதிரைச் சவாரி தொடங்குவது சுலபம், இறங்குவது கடினம்.

எல்எல்விஎம் கம்பைலர் திட்டம் ஆட்டோகான்ஃபுக்குப் பக்கத்திலேயே சிமேக்கையும் பல ஆண்டுகள் வைத்திருந்தது. 2016-இல் வந்த 3.9 பதிப்பில்தான் பழையது நீங்கியது. ஹாஸ்கல் மொழியின் முதன்மைக் கம்பைலரான ஜிஎச்சியின் கதை இன்னும் நீளம். மேக்குக்குப் பதிலாக ஹாட்ரியன் என்ற புதிய ஏற்பாட்டை 2014-இல் எழுதத் தொடங்கினார்கள். மேக் இல்லாத முதல் பெரிய பதிப்பான 9.6 வந்தது 2023-இல். இடைப்பட்ட காலத்தில் பில்டைத் தொட்டவர்களுக்கெல்லாம் இரண்டு இடங்களில் வேலை. லினக்ஸின் சிஸ்டம்டி திட்டம் இதற்கு நேர் எதிர். 2017 ஜூலையில் வந்த 234-ஆம் பதிப்பில் மீசான் நுழைந்தபோதே, பழையது விரைவில் போகும் என்று அறிவித்துவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த 235-இல் அது போயே போய்விட்டது.

இரண்டு குதிரைகளில் புதியதிலிருந்து இறங்கியவர்களும் உண்டு. குபர்னெட்டிஸ் திட்டம் மேக்கையும் கோ மொழியின் சொந்தக் கருவிகளையும் வைத்துக்கொண்டே பேஸலையும் சேர்த்துக்கொண்டது. சோதனைகளில் பல பேஸல் வழியாக ஓடின. அதிகாரபூர்வ வெளியீடுகளோ பழைய வழியிலேயே வந்தன. அப்படியானால் சோதித்ததும் வெளியிட்டதும் ஒன்றுதான் என்று எப்படி அடித்துச் சொல்வது? இதற்கிடையே 2018-இல் வந்த கோ 1.10, கம்பைல் ஆனவற்றைத் தானே சேமித்து வைக்கக் கற்றுக்கொண்டது. பேஸலின் கவர்ச்சியில் பாதி அதோடு கரைந்தது. 2021-இல் வந்த 1.21 பதிப்பில் குபர்னெட்டிஸ் பேஸலை நீக்கிவிட்டது. ஆண்ட்ராய்டு இயங்குதளத்தையும் பேஸலுக்கு மாற்றப்போவதாகக் கூகுள் 2020-இல் அறிவித்து, 2023-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. பேஸல் கூகுளின் சொந்தக் கருவி என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

சொந்தக் கருவி மீது க்யூட்டி நிறுவனத்துக்கும் பற்று இருந்தது. க்யூபிஎஸ் என்ற புதிய பில்டு கருவியைத் தாங்களே உருவாக்கி வந்தவர்கள், 2018-இல் அதைக் கைவிட்டு, க்யூட்டி 6-க்குச் சிமேக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே ஏற்கெனவே பல்லாயிரம் பேர் சிமேக் அறிந்திருந்தார்கள். கேடிஇ மேசைத்தளத் திட்டம் 2006-இல் சிமேக்குக்கு வந்ததும் ஒரு சுற்றுக்குப் பிறகுதான். முதலில் ஸ்கான்ஸ் என்ற கருவியை முயன்றார்கள். அது அவ்வளவு பெரிய திட்டத்துக்கு வசப்படவில்லை. சிமேக்கை உருவாக்கிய கிட்வேர் நிறுவனத்தார் கேடிஇ கேட்ட வசதிகளைச் சேர்த்துத் தர முன்வந்தார்கள். கருவியின் பின்னால் நிற்கும் ஆட்கள் கேட்டால் பதில் சொல்வார்களா என்பது எந்த வேகப் பட்டியலிலும் இருப்பதில்லை.

யாரும் படிக்காத கோப்பு

2024 மார்ச்சில் பில்டு கோப்புகளைப் பற்றிய பேச்சின் தொனியே மாறியது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவு இருப்பது அம்பலமானது. கண்டுபிடித்தவர் அதே ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். தொலைக் கணினியில் எஸ்எஸ்எச் வழியாக நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று தோண்டப்போய் அதைக் கண்டார்.

கள்ளக் கதவைத் திறந்துவிட்ட வரிகள் நூலகத்தின் சி நிரலில் இல்லை. பில்டுக்கான எம்4 கோப்பு ஒன்றில் இருந்தன. அதிலும், எல்லாரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லாமல், வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தன. ஆட்டோகான்ஃப் உலகில் எம்4 என்ற மேக்ரோ மொழியிலிருந்து ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஷெல் நிரல் பிறக்கும். அதை யாரும் படிப்பதில்லை, படிக்கவும் முடியாது. ஒளிந்துகொள்ள அருமையான இடம்.

எளிதாகப் படிக்கக்கூடிய கருவிக்கு மாற இது வலுவான காரணம் என்று பலர் பேசினார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் எக்ஸ்இசட் திட்டத்தில் சிமேக் கோப்பும் இருந்தது. அதிலும் கை வைத்திருந்தார்கள்: ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை நிரலுக்குள் ஒற்றைப் புள்ளி ஒன்றை நுழைத்திருந்தார்கள். புள்ளியால் அந்தச் சோதனை எப்போதும் தோற்கும். வசதி சத்தமில்லாமல் அணைந்துவிடும். ஒரே திட்டத்துக்கு இரண்டு பில்டு முறைகள் என்றால் கண்காணிக்க வேண்டிய வாசலும் இரண்டு.

போஸ்ட்கிரெஸ் எடுத்த முடிவு

மீசான் யோசனை போஸ்ட்கிரெஸில் ஏறக்குறைய ஓராண்டு அலசப்பட்டது. எதிர்த்தவர்களிடம் நியாயம் இருந்தது. மீசானுக்குப் பைத்தான் வேண்டும். அதுவரை போஸ்ட்கிரெஸ் உருவாக்கத்துக்குப் பெர்ல் போதுமானதாக இருந்தது. மறுபக்கம், திட்டம் நம்பியிருந்த ஆட்டோகான்ஃப் 2.69, 2012-இல் வந்தது. அடுத்த பதிப்பான 2.70 வெளிவர எட்டு ஆண்டுகள் ஆயின. விண்டோஸில் சோதனைகளை ஓட்டும் வழி தனி, லினக்ஸில் தனி என்பதால், புதிய சோதனை ஒன்றைச் சேர்ப்பவர் இரண்டு உலகங்களையும் அறிந்திருக்க வேண்டியிருந்தது. வேகம் துணை வாதமாக மட்டுமே வந்தது. விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒரே விவரக் கோப்பு என்பதுதான் முதல் வாதம்.

2022 செப்டம்பரில் மீசான் உள்ளே வந்தது. பழைய இரண்டும் உடனே போகவில்லை. திட்டத்துக்கென்று பில்டு ஃபார்ம் என்ற கணினிக் கூட்டம் இருக்கிறது. விலங்குகளின் பெயர்களைச் சுமந்த அந்தக் கணினிகள் வெவ்வேறு இயங்குதளங்களிலும் செயலிகளிலும் போஸ்ட்கிரெஸை ஓயாமல் உருவாக்கிச் சோதிக்கின்றன. புதிய முறையையும் அவற்றில் ஓட்டிப் பார்க்க முடிந்தது. 2023 செப்டம்பரில் 16-ஆம் பதிப்பு வெளியானபோது, அதை உருவாக்க மூன்று வழிகள் இருந்தன. ஒன்றைக் குறைக்கப் புறப்பட்டவர்கள் ஒன்றைக் கூட்டியிருந்தார்கள். மாற்றத்தை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்திருந்தால் தோல்வி என்றே சொல்லியிருக்க முடியும்.

ஓராண்டு கழித்து வந்த 17-ஆம் பதிப்பில் விண்டோஸுக்கான பெர்ல் நிரல்கள் மொத்தமாக நீக்கப்பட்டன. இப்போது விஷுவல் ஸ்டூடியோ கொண்டு போஸ்ட்கிரெஸை உருவாக்க மீசான் மட்டுமே வழி. மேக் கோப்புகளைத் துழாவும் வேலைக்கு ஓய்வு கிடைத்துவிட்டது.

மேக் மட்டும் இன்னும் இருக்கிறது. போஸ்ட்கிரெஸுக்கு வெளியே பலர் எழுதும் நீட்சிகள், பிஜிஎக்ஸ்எஸ் என்ற ஏற்பாட்டின் வழியாக உருவாகின்றன. அது மேக்கின் மேல் கட்டப்பட்டது. நீட்சி எழுதியவர்கள் அந்தத் திட்டத்தின் உறுப்பினர்கள் அல்லர். அவர்களுடைய மேக் கோப்புகளைத் திருத்திக் கொடுக்க யாராலும் முடியாது. எனவே ஒருவர் போஸ்ட்கிரெஸை மீசானிலேயே உருவாக்கினாலும், அந்த நீட்சிகளுக்குத் தேவையான மேக் கோப்பு ஒன்றை மீசான் தன் கையாலேயே எழுதி வைத்துவிடுகிறது.